மரத்தடியில் வைத்த பிரேக்கு மட்டை

வாங்க, வாங்க. செருப்புக் கெடக்கட்டுமுங்க, அப்படியே உள்ள வாங்க. தாராபுரத்துல இருந்தா வர்றீங்க? இந்தக் காத்துல வண்டி ஓட்டிட்டு வந்ததே பெருசு. மரம் அறுக்கற மெஷின் பாக்கத்தானுங்களே? பாக்கலாம், பாக்கலாம், அது எங்கயும் ஓடிப்போயிராது. மொதல்ல உக்காருங்க. ஏ மரகதம், ரெண்டு டீ வையி. இல்ல, மூணா வையி. வாசல்ல வண்டிகிட்ட நிக்கறாரே, அவரையும் கூப்புடுங்க. மச்சினருங்களா? அவருதான் மரத்து மேல ஏறறதா? அப்படிங்களா.

அப்ப நீங்க கீழ நின்னு கயித்தப் புடிக்கறவரு. நானும் அதே வேலைதானுங்க. எனக்கு ஏறுனது என்ற மச்சினன், பேரு திருமூர்த்தி. இந்த மரகதத்துக்குக் கூடப் பொறந்த தம்பி. மாமனும் மச்சினனுமாச் சேர்ந்துதான் தொழில் பண்ணுனோம். உடுமலையைச் சுத்தி யாரு ஊட்டு மேல மரம் சாஞ்சாலும் கிட்டுச்சாமியைக் கூப்புடுன்னுதான் சொல்லுவாங்க. கிட்டுச்சாமி நான். ஆனா ஏறுனது அவன். சொல்றவங்க என்ற பேரைத்தான் சொல்லுவாங்க, அதுக்கு நான் என்ன பண்றது?

இந்தாங்க, இதுதான் மெஷின். சாக்கை எடுத்துருங்க. தூக்கிப் பாருங்க. கனமா இருக்குதுங்களா? கனம் இருக்கத்தான் செய்யும், செயின் ஓடற பட்டை நீளமுல்ல. வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணி சித்தெ ஓடவிட்டுத்தான் வெச்சிருக்கறேன், இல்லீன்னா உள்ள பிசின் புடிச்சுக்கும். செயினைத் தொட்டுப் பாருங்க, போன வாரந்தான் உருட்டு அரத்துல ராவி வெச்சேன். செயின் மொட்டையா இருந்தா மாவு மாதிரி தூள் கொட்டும். கூரா இருந்தாச் சீவல் சீவலா வரும். இதுல சீவல்தான் வரும், நம்பி எடுக்கலாம்.

மரம் ஏறற தம்பி, என்னங்க பாக்கறீங்க? முன்னாலயா? முன்பிடிக்கு முன்னால ஒரு கறுப்பு மட்டை இருக்குமே, அதுங்களா? அது வர்றப்பவே சித்தெ லூசா இருந்துச்சுங்க. எங்கியோ விழுந்து போச்சு. அது இல்லீன்னாலும் மெஷின் ஓடும், அதுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்ல. டீயைக் குடிங்க, ஆறிப்போகுது.

ஏன் விக்கறீங்கன்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பழுதுன்னு நெனைச்சுக்காதீங்க. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. மச்சினனுக்குக் கையில அடி பட்டுருச்சுங்க. அதுக்கப்பறம் தொழில் நின்னு போச்சு. மறைச்சு வித்தேன்னு நாளைக்கு நீங்க பேசக் கூடாது பாருங்க, அதனால முன்னாடியே சொல்லிப்போடறேன். இந்த மெஷின்லதான் அடி பட்டுச்சு. ஆனா மெஷினால இல்ல. அது வேற கதை.

சொல்றேன், கேளுங்க. நீங்களும் இதே தொழில்தானே, தெரிஞ்சுக்கறது நல்லது.

மொதல்ல எங்ககிட்ட அருவாளும் கைரம்பமும் கயிறும் கப்பியும்தான் இருந்துச்சு. ஒரு பெரிய கெளையை எறக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சு போகும். அப்பறம் ஒவ்வொருத்தனா மெஷின் வாங்கிட்டானுங்க. கூப்புடற ஊட்டுக்காரனே, உங்ககிட்ட மெஷின் இல்லீங்களான்னு கேக்க ஆரம்பிச்சுட்டான். நமக்கு மானம் போகுது. சரி, வாங்கிப்போடலாமுன்னு நானும் திருமூர்த்தி மாப்ளையும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறுனோம்.

கடையில ரெண்டு மெஷினை எடுத்து வெச்சானுங்க. ஒண்ணு சின்னது. பிடி மேலாக்க இருக்கும், மரத்து மேல ஏறி அறுக்கறவங்களுக்குன்னே பண்ணுனதாம். இன்னொண்ணு இது. நம்ம மாப்ளெ அந்தச் சின்னதைத் தூக்கிப் பாத்தான் பாருங்க, கோழிக்குஞ்சைத் தூக்கற மாதிரி தூக்குனான். இடுப்புல மாட்டிட்டு ஏறுனா இருக்கறதே தெரியாது மாமான்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இதைக் கொண்டுபோய் ஒரு பங்களாக்காரர் வாசல்ல வெச்சா, காய்கறி நறுக்க வந்தீங்களான்னு கேப்பாரு. கடைப் பையன் முன்னாடியே அப்படிச் சொன்னேன், அவனுஞ் சிரிச்சான். மாப்ளெ சிரிக்கல. கீழ வெச்சுட்டான்.

பெருசு ஒண்ணு வாங்குனா அடிமரமும் அறுக்கலாம், கெளையும் அறுக்கலாம். சின்னது வாங்குனா கெளை மட்டுந்தான். நீங்களே சொல்லுங்க, எது புத்திசாலித்தனம்? ரெண்டையும் வாங்கலாமுங்களான்னு கேட்டான். மொதல்ல இது சம்பாதிக்கட்டும் மாப்ளே, அப்பறம் பாக்கலாமுன்னேன். அப்பறம் பாக்கவே இல்ல. பாத்திருக்கலாம்.

அடிமரத்துக்கு இந்த மெஷினை அடிச்சுக்க முடியாதுங்க. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஒரு புளியமரத்தை மத்தியானச் சோத்துக்கு முன்னாடி துண்டு போட்டிருக்கறோம். பெட்ரோல்ல ஆயில் கலக்கறது, செயினுக்குத் தனி ஆயில் ஊத்தறது, காலையில மூக்கடைச்ச மாதிரி இருந்தா எப்படி எழுப்பறது, எல்லாம் நான்தான் பாத்துக்குவேன். மாப்ளெ மேல இருந்து கயிறு விடுவான், நான் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு நிறுத்திக் கட்டிவிடுவேன், அவன் இழுத்துக்குவான். இந்தக் கனத்தைக் கெளையில நின்னுக்கிட்டு இழுப்பான். ஒரு தடவை கூடக் கனமா இருக்குதுன்னு சொன்னதில்லீங்க. சொன்னாத்தானே நமக்குத் தெரியும்?

தொந்தரவு என்னன்னா, அந்த மட்டைதான். தம்பி கேட்டாரே, அது. அதை முன்னால தள்ளுனா உள்ள பிரேக்குப் புடிச்சு, செயின் பட்டுன்னு நின்னுக்கும். அதுக்குன்னு வெச்சிருக்கறானாம். நெலத்துல நின்னு அறுத்தா ஒண்ணும் தெரியாது. மேல போனா, சின்னக் குச்சி பட்டாலும் டக்குன்னு நிக்குது, கயிறு உரசுனாலும் நிக்குது. அப்பறம் அவன் ஒரு கையில கெளையைப் புடிச்சுட்டு இன்னொரு கையில மட்டையைப் பின்னால இழுத்து மறுபடி ஆரம்பிக்கணும். கீழ நிக்கற எனக்குக் கோவங் கோவமா வரும். ஊட்டுக்காரரு வேற, என்னங்க உங்க மெஷின் இப்படி நின்னு நின்னு போகுதுன்னு கேப்பாரு. அப்படிக் கேட்டா மனுசனுக்கு எப்படி இருக்கும்?

அதனால, அதைக் கழட்டிப்போட்டோம். ஆமாங்க, விழுந்துருச்சுன்னு சொன்னேன். விழுகல, கழட்டுனோம். மாப்ளைக்குத்தான் அது தொந்தரவா இருந்துச்சு, அவனுக்கோசரந்தான் கழட்டுனது. ரெண்டு திருகாணிதான், கையோட வந்துருச்சு. எல்லாரும் கழட்டித்தான் ஓட்டறாங்க. நீங்க எந்த ஊருல வேணும்னாலும் போய்ப் பாருங்க.

சரி, கதைக்கு வர்றேன்.

எங்க தொழில்ல ஒரு முறை உண்டு. உங்க பக்கம் இருக்குதோ என்னமோ. பெரிய மரத்துல கை வைக்கறதுன்னா, மொத நாள் பொழுதோட போய் மரத்துக்கிட்டச் சொல்லிப்போடணும். அடியில மஞ்சத் தண்ணி தெளிச்சு, கற்பூரம் பத்தவெச்சு, நாளைக்கு வர்றோம், மேல இருக்கறவங்க எறங்கி வேற எடம் பாத்துக்குங்கன்னு சொல்லணும். பறவைக்குஞ் சொல்றதுதான், கண்ணுக்குத் தெரியாததுக்குஞ் சொல்றதுதான். சொல்லிட்டு, வெட்டற ஆயுதத்தை ராத்திரி பூரா மரத்துல சாத்தி வெச்சுட்டு வந்துரணும். விடிஞ்சு போய்ப் பாக்கறப்ப சாத்துனது சாத்துன மாதிரியே நின்னா மரம் சரின்னு சொல்லிருச்சுன்னு அர்த்தம். கீழ விழுந்து கெடந்தா அன்னைக்குத் தொட மாட்டோம்.

கோடாலியைச் சாத்தலாம், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டான். இந்த மெஷினை ராத்திரி ஊரான் ஊட்டு மரத்தடியில வெச்சுட்டு வர முடியுமா? விடியறதுக்குள்ள சந்தைக்குப் போயிரும். முறையை விடவும் மனசு வரல. யோசிச்சுப் பாத்தேன். மட்டை ஒண்ணு சும்மா கெடக்குதே, அதும் மெஷினோட ஒரு உறுப்புத்தானே? அதைக் கொண்டுபோய்ச் சாத்தி வெச்சேன். அன்னையில இருந்து அதுதான் பழக்கம். மெஷின் ஊட்டுல இருக்கும், மட்டை மரத்தடிக்குப் போகும்.

பிளாஸ்டிக்குத்தானே, காத்தடிச்சா விழுந்துரும். அதுக்காக ஒரு கல்லை முட்டுக் குடுத்து வெப்பேன். சிரிக்காதீங்க. அதுக்கு மேல அதும் இதும் பாத்தா தொழில் பண்ண முடியாது. கல்லு வெச்சாலும் சொல்றதைச் சொல்லிட்டம்ல? அத்தனை மரத்துக்கும் சொன்னேனுங்க. ஒரு மரத்தைக் கூட விட்டதில்ல. ஒரே ஒரு மரத்தைத் தவிர.

போன ஆடியில. இதே மாதிரி காத்து. வெள்ளனே ஒரு ரைஸ்மில்காரரு கூப்புட்டாரு. அவரு ஊட்டுக்குப் பின்னால பெரிய வாகை மரம். ராத்திரிக் காத்துல ஒரு கெளை முறிஞ்சு, முழுசா விழுகாம, மாட்டுக் கொட்டகை மேல சாஞ்சு நிக்குது. உள்ள மாடு கட்டியிருக்குது, பக்கத்து அறையில அவங்கம்மா எந்திரிக்க முடியாமப் படுத்துக் கெடக்கறாங்க. ஒடனே வாங்கன்னாரு. ஒடனேன்னா எப்படிங்க மொத நாள் சொல்றது? நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தா அவரு வேற ஆளைக் கூப்புட்டுருப்பாரு. கெளம்பிட்டோம்.

மாப்ளெ இடுப்புக் கயித்தைக் கட்டிட்டு மரத்தை அண்ணாந்து பாத்தான். நொம்ப நேரம் பாத்தான். முறிஞ்ச கெளைக்கு மேல இன்னொரு கெளை நெருக்கமா இருந்துச்சு, நடுவுல மெஷினை நுழைச்சு அறுக்கணும். அப்பறம் திரும்பி என்னைக் கேட்டான். "மாமா, அந்த மட்டையை எடுத்துட்டு வந்தீங்களா?"

சொல்லாம ஏறறமேன்னு அவனுக்கு மனசு உறுத்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். மட்டை டூல்ஸ் பெட்டியிலதான் கெடந்துச்சு. இருந்தாலும் இனிமே சாத்தி வெச்சு ஒரு ராத்திரி காத்திருக்க முடியாதே. சாங்காலம் வெச்சுக் கும்புட்டுக்கலாம் மாப்ளே, இப்ப ஏறு, அந்தம்மா படுத்துக் கெடக்கறாங்கன்னேன். ஏறிட்டான். அவன் அப்படித்தானுங்க. மாமன் சொன்னா மறுத்துப் பேச மாட்டான். நான் மரகதத்தைக் கட்டுனப்ப அவன் டவுசர் போட்டிருந்தான். அன்னையில இருந்து அப்படித்தான்.

மெஷின் நுனி மேல் கெளையில பட்டுச்சு. எத்தனையோ தடவை பட்டிருக்கும். இந்தத் தடவை எகிறிருச்சு. பட்டை அப்படியே மேலாக்க அவனைப் பாத்து எகிறுச்சு, முன்பிடியில இருந்த இடது கை முன்னால சறுக்கிச் செயின் மேல போயிருச்சு. நான் கீழ கயித்தைப் புடிச்சுட்டு நிக்கறேன். மெஷின் சத்தம் நின்னுச்சு. அப்பறம் என்ற கை மேல சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. மழைன்னு நெனைச்சேன். ஆடி மாசத்துல மழையைக் கண்டு சந்தோசப்பட்டேன் பாருங்க, ஒரு நொடி. அதை நெனைச்சா இன்னைக்கும் சோறு எறங்காது.

அவனே எறங்கி வந்தான். ஒத்தக் கையில.

கை போகலீங்க. கை இருக்குது, பாத்தா நல்லாத்தான் இருக்கும். நரம்பு அறுந்து போச்சு. வெரல் மடங்காது, ஒரு டம்ளரைப் புடிக்காது. வேட்டி கட்டறதுக்கு ரெண்டு கை வேணுமுங்க, தெரியுமா? நமக்கு அது தெரியறதே இல்ல. அவன் பொண்டாட்டி கட்டிவிடறா. மரம் மரமா ஏறி எறங்குனவன் இப்பத் தேங்காக் களத்துல உக்காந்து வர்ற லாரிக்குக் கணக்குச் சொல்லிட்டிருக்கறான்.

எல்லாம் நான் சொல்லாம ஏத்துனதால. அந்த ஒரு மரத்துக்கிட்ட நான் சொல்லல. எத்தனையோ வருசமாச் சொன்னவன், அந்த ஒரு தடவை சொல்லல. அது என்ற கையைப் புடிக்காம அவன் கையைப் புடிச்சுருச்சு. அந்தக் குத்தம் என்னைத் தூங்க விட மாட்டேங்குதுங்க. பழனிக்கு நடந்தே போனேன். மொட்டை போட்டேன். அந்த வாகை மரத்தடிக்குப் போய் விழுந்து கும்புட்டேன், ரைஸ்மில்காரரு சன்னல் வழியாப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு. எங்க காட்டு வேலி ஓரமா வாகைக் கன்னும் வேப்பங் கன்னுமா நட்டேன். என்னென்ன உண்டோ அத்தனையும் பண்ணிட்டேன். ஒண்ணும் ஆறல.

மரகதம் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. உங்களாலதான் என்ற தம்பிக்கு இப்படியாச்சுன்னு ஒரு தடவை சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. நான் மெஷினை ஸ்டார்ட் பண்றப்ப எந்திரிச்சு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயிருவா. சத்தம் நின்னப்பறம் வருவா. டீயை வெச்சுட்டுப் போனாளே, மெஷின் பக்கம் திரும்புனாளா, பாத்தீங்களா?

அடிபட்ட மெஷினைச் சரி பண்ணக் குடுத்தப்ப அந்த மெக்கானிக்கு, அண்ணா, அந்த மட்டை மட்டும் இருந்திருந்தா, எகிறுன வேகத்துக்குக் கை அதுல பட்டு, அப்படின்னு ஆரம்பிச்சான். சித்தெ இருப்பா, போன் வருதுன்னு வெளியே வந்துட்டேன். போன் வரலீங்க. அவன் என்னத்தைப் பெருசாச் சொல்லப் போறான்? மெஷினை மட்டும் பாக்கறவனுக்கு முறை என்ன தெரியும்?

மாப்ளெ ஆசுபத்திரியில இருந்தப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "மாமா, நாளைக்கு வர்றப்ப அந்த மட்டையைக் கொண்டாங்க." எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இந்த நெலைமையிலயும் மரத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமுன்னு நெனைக்கறான் பாருங்கன்னு. மட்டையைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, வெத்தலையில வெச்சுக் கொண்டுபோனேன்.

வாங்குனான். கட்டுப் போட்ட கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, மட்டைக்குப் பின்னால வெச்சுப் பாத்தான். மெஷினைப் புடிச்ச மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் வெச்சிருந்தான். அப்பறம் என்ற கையிலயே திருப்பிக் குடுத்தான். "மாமா, இது இருக்க வேண்டிய எடம் மரத்தடி இல்லீங்க" அப்படின்னான்.

எவ்வளவு சரியாச் சொன்னான் பாருங்க. மரத்தடியில வெச்சுக் கும்புடறது போதாது, சாமிகிட்டச் சேர்க்கணுமுங்கறான். அன்னைக்கே எங்க முனியப்பன் கோயிலுக்குக் கொண்டுபோய், வேலுல மஞ்சக் கயித்துல கட்டிப்போட்டேன். இந்த வீதிக் கடைசிதான், வேப்ப மரத்தடி. இங்கிருந்தே தெரியும் பாருங்க. கட்டிட்டேன் மாப்ளேன்னு போய்ச் சொன்னேன். சரிங்க மாமான்னான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். அதுக்கப்பறம் நான் அவனைப் பாக்கப் போகல. மரகதம் போயிட்டு வருவா, தனியா. நான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போய் ஏத்திவிடுவேன்.

ஆகக் கதை இதுதானுங்க. இந்த மெஷின் இந்த ஊட்டை விட்டுப் போனாப் போதும். நீங்க கேட்டதுக்குக் குடுத்தர்றேன், பேச்சே வேண்டாம். ஆனா மொத நாள் சொல்லாம மட்டும் எந்த மரத்துலயும் மச்சினரை ஏத்தாதீங்க. அதுதான் நான் கேக்கறது.

என்னங்க?

மட்டை இல்லீன்னாலும் பரவால்லைங்கறீங்களா? இருந்தாலும் கழட்டித்தான் போடுவீங்களா? குச்சி பட்டா நிக்குதா, ஊட்டுக்காரன் கேலி பேசறானா. அது மச்சினருக்கே தொந்தரவா.

இன்னொருக்காச் சொல்லுங்க. இல்ல, காது கேட்டுச்சு. சும்மா இன்னொருக்காச் சொல்லுங்க.

இதே வார்த்தைதானுங்க. ஒரு எழுத்து மாறாம நான் பேசுன வார்த்தை. அடுத்தவன் வாயில கேக்கறப்ப எப்படி இருக்குது, பாருங்க. நீங்க பேசறப்ப நான் உங்களைப் பாக்கல, தம்பியைத்தான் பாத்துட்டிருந்தேன். அவரு குனிஞ்சுக்கிட்டாரு. தம்பி, நீங்க வந்ததுல இருந்து அந்த ரெண்டு ஓட்டையைத்தானே பாத்துட்டிருக்கறீங்க? திருகாணி இருந்த ஓட்டையை. வந்தவுடனே மட்டை எங்கன்னுதான் கேட்டீங்க. அப்பறம் மாமா பேசறாருன்னு வாயை மூடிட்டீங்க.

மாப்ளைக்கு அது தொந்தரவா இருந்துச்சுன்னு சொன்னேன்ல? அவன் அப்படிச் சொல்லவே இல்லீங்க. ரெண்டு நாள் பழகுனாச் சரியாப் போயிரும் மாமான்னுதான் சொன்னான். தொந்தரவு எனக்கு. கீழ நின்னவனுக்கு. திருப்புளியை எடுத்தது நான்.

அப்ப அன்னைக்கு அவன் மரத்தைப் பாத்துட்டுக் கேட்டானே. அந்த நெருக்கத்தைப் பாத்துட்டுத்தானே கேட்டான். மட்டையை எடுத்துட்டு வந்தீங்களான்னு. பெட்டியில இருந்துச்சுங்க. என்ற காலடியில இருந்துச்சு. ரெண்டு திருகாணி. மாட்டி விட எத்தனை நேரமாயிருக்கும்?

மாப்ளெ, நீ என்னைக் கேட்டது அதையா.

இல்ல, ஒண்ணுமில்லீங்க. தண்ணி வேண்டாம். அந்த டூல்ஸ் பெட்டியை எடுங்க, தம்பி. மெஷினையும் தூக்குங்க. வாங்க போலாம், நடந்தே போலாம், கூப்புடு தூரந்தான். மரகதம், நான் கோயிலு வரைக்கும் போயிட்டு வர்றேன். வந்து உன்ற தம்பி ஊட்டுக்குப் போலாம். ஆமா, நானுந்தான். என்ன அப்படிப் பாக்கறே? சேலையை மாத்திட்டு இரு.

இதோ, இதுதான் முனியப்பன். செருப்பை அக்கட்ட விட்டுருங்க. அந்த வேலுல கறுப்பாத் தெரியுது பாருங்க, மஞ்சளும் சந்தனமும் அப்பிக் கெடக்குது. போற வர்ற சனமெல்லாம் இதுக்குப் பொட்டு வெச்சுட்டுப் போகுது, என்னத்துக்குன்னு தெரியாமயே. சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது பாவந்தானுங்க. எனக்குத் தெரியும். ஏற்கெனவே தலை மேல இருக்கறதோட இதுஞ் சேரட்டும். முனியப்பா, இது உன்றதும் இல்ல, மரத்தோடதும் இல்ல. எடுத்துக்கறேன்.

தாராபுரத்துக்காரரே, நீங்க அக்கட்டப் போய் நில்லுங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு மெஷினைக் குடுக்கல நான். இவருக்குக் குடுக்கறேன். தம்பி, இங்க வாங்க. பிளாஸ்டிக்குத்தான், இருந்தாலும் இதை இங்கயே, என்ற கண்ணு முன்னாடி, உங்க கையால மாட்டுங்க. குச்சி பட்டு நின்னா நிக்கட்டும். யாரு கேலி பேசுனாலும் பேசட்டும். கீழ இருந்து யாரு கழட்டச் சொன்னாலும் கழட்டாதீங்க, மாமனே சொன்னாலும்.

நீட்டுங்க. ஒத்தக் கையில வேண்டாமுங்க. ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்குங்க.